பழைய 1176, புதிய 1176: நியாயமாக ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

நாப்களை ஒரே எண்ணில் வைத்துவிட்டு மாற்றி மாற்றிக் கேட்டு, "பழசு பழசுதான்" என்று முடிவு சொல்கிறவர்கள் நிறைய. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமப்படுத்தும் ஸ்டுடியோ பெட்டியான 1176 கம்ப்ரஸரில் அந்த முறை எதையுமே காட்டாது.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்தப் பழசு என்று பாருங்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் பில் புட்னம் 1967-ல் கொண்டுவந்த இந்தப் பெட்டி ஏ-யிலிருந்து எச் வரை பல முறை மாறியிருக்கிறது. நீலப்பட்டை போட்ட முதல் வகை வேறு, இரைச்சலைக் குறைத்த கறுப்பு முகப்பு சி வகை வேறு, எஃப்-ல் அவுட்புட் பகுதியே மாறிவிட்டது, ஜி-யில் இன்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையே எடுத்துவிட்டார்கள். யுனிவர்சல் ஆடியோ நிறுவனம் 2000-ல் மறுபடி வெளியிட்ட புதிய 1176எல்என் பழைய சி, டி, இ வகைகளைப் பின்பற்றியது. அதனால் அவற்றோடு ஒப்பிட்டால்தான் நியாயம். நீலப்பட்டையோடு வைத்தால் இரண்டு வேறு சர்க்யூட்களைத்தான் கேட்கிறீர்கள்.

அப்புறம் சர்வீஸ். கெபாசிட்டர்கள் காய்ந்து, சத்தத்தை அமுக்கும் ஃபெட் ட்ரான்சிஸ்டரின் பயஸ் (அது வேலை செய்யும் அடிப்படை மின்னழுத்தம்) நகர்ந்துபோன பெட்டியின் சத்தத்தை "வின்டேஜ் டோன்" என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து கேலிபரேட் செய்து வாங்குங்கள், கேட்பதற்கு முன்னால் இரண்டையும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

இப்போது அட்டாக் நாபை (அமுக்கம் எவ்வளவு வேகமாகத் தொடங்க வேண்டும் என்று வைப்பது) இடதுபக்கம் கடைசிவரை, டிக் என்று விழும்வரை திருப்புங்கள். கம்ப்ரஷன் நின்றுவிடும், சிக்னல் ஆம்ப் வழியாகவும் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகவும் மட்டும் போகும். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்பி இரண்டின் அவுட்புட்டையும் ஒரே லெவலுக்குக் கொண்டுவந்துவிட்டு, பாஸ் கிட்டாரையும் குரலையும் அதே நிலையில் அனுப்பிக் கேளுங்கள். லெவலை மட்டும் விட்டுவிடாதீர்கள். அரை டெசிபல் கூடினாலே காது அதைத்தான் "நல்லா இருக்கு" என்று சொல்லும்.

அடுத்து கம்ப்ரஷன். இதில் த்ரெஷோல்ட் நாப், அதாவது எந்த லெவலிலிருந்து அமுக்க வேண்டும் என்று வைக்கும் நாப், கிடையாது, இன்புட்டைக் கூட்டக் கூட்ட அமுக்கம் கூடும். ஆகவே எண்களை மறந்துவிட்டு, 4:1 ரேஷியோவில் (எல்லைக்கு மேல் 4 டெசிபல் ஏறினால் 1 மட்டும் வெளியே வரும்) இரண்டு மீட்டர் முள்ளும் ஒரே அளவு, சுமார் 5 டெசிபல், இறங்கும்படி இன்புட்டை வையுங்கள், பிறகு அவுட்புட்டைச் சமப்படுத்துங்கள். அட்டாக்கும் ரிலீஸும் (அமுக்கத்தை விடும் வேகம்) இங்கே தலைகீழ்: 7-தான் வேகம். அட்டாக் 20 முதல் 800 மைக்ரோசெகண்ட் வரைதான், மெதுவான முனையே மற்ற பல கம்ப்ரஸர்களைவிட வேகம். அதனால் ஸ்நேர் அடியின் முன்முனையைக் கவனித்துக் கேளுங்கள்.

கடைசியாக நாலு ரேஷியோ பட்டனையும் சேர்த்து அமுக்கி டிரம்ஸ் ரூம் மைக்கை அனுப்புங்கள். பயஸ் நகர்ந்து டிஸ்டார்ஷன் ஏறும் இந்த நிலையில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும், இரண்டு பழைய பெட்டிகளுக்கு நடுவில்கூட. எல்லாவற்றையும் ரெக்கார்ட் செய்து, வேறொருவரை விட்டு ஃபைல்களின் பெயரை மாற்றச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேளுங்கள்.

குரலுக்கு மட்டும் என்றால் நான் புதியதையே வாங்கச் சொல்வேன், 4:1-ல் வித்தியாசம் பழசின் விலைக்குத் தகுந்ததில்லை. டிரம்ஸுக்காகப் பழசுதான் வேண்டுமென்றால், பணம் கொடுக்கும் முன் மூடியைத் திறந்த படம் கேட்டு, ட்ரான்ஸ்ஃபார்மர்கள் அசல்தானா என்று பார்த்துவிடுங்கள்.