கரையில் கடல் சிங்கம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தால்

கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாக் கரையில் வசிக்கிறேன். நோயுற்றுக் கரையேறும் கடல் பாலூட்டிகளைக் கண்காணித்துத் தகவல் சொல்லும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. வார இறுதியில் குழந்தைகளோடு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: “பாவம், இப்படிக் கிடக்கிறதே, கொஞ்சம் தண்ணீர் ஊற்றலாமா?” தயவுசெய்து ஊற்றாதீர்கள். கரையேறிப் படுத்து இளைப்பாறுவது கடல் சிங்கத்தின் இயல்பு. இரக்கப்பட்டு அதைக் கடலுக்குள் விரட்டுகிறவர்களும் உண்டு. வலிப்பு கண்ட விலங்கு தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போகும். 150 அடி தள்ளி நில்லுங்கள். அங்கிருந்தே பத்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் காதைக் கவனியுங்கள். சிறிய காது மடல் வெளியே தெரிந்தால், முன் துடுப்புகளை ஊன்றி நடந்தால், அது கடல் சிங்கம். மடல் இல்லாமல் வயிற்றால் உந்தி நகர்வது சீல். வசந்த காலத்தில் சீல் குட்டி தனியாகக் கிடந்தால் பதற வேண்டாம். தாய் இரை தேடப் போயிருக்கலாம். ஆட்கள் சூழ்ந்து நின்றால்தான் அவள் திரும்பி வர அஞ்சுவாள்.

கடல் சிங்கம்தான் என்றால் அடுத்துக் கழுத்தைப் பாருங்கள். டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு உடலில் ஏறிய விலங்கு கழுத்தைப் பின்னால் வளைத்து, மூக்கை வானத்துக்கு நீட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கும். கண் திறந்திருக்கும், ஆனால் எதிரில் நாய் ஓடினாலும் பார்வை திரும்பாது. வாயோரம் நுரை, பிறகு துடுப்புகளில் நடுக்கம், பிறகு உடல் முழுவதும் வலிப்பு. அது அடங்கியதும் தூங்குவதுபோலக் கிடக்கும். அந்த நேரத்தில்தான் மக்கள் துணிந்து அருகே போகிறார்கள். போகவே கூடாது, திடீரென்று எழுந்து கடித்துவிடும்.

இந்த நஞ்சு ‘சூடோ-நிட்சியா’ என்ற நுண்பாசியில் உருவாகிறது. பாசியை நெத்திலியும் மத்தியும் தின்கின்றன. அவற்றைக் கடல் சிங்கம் தின்கிறது. 1998-இல் இதே வளைகுடாப் பகுதியில் 400-க்கும் மேற்பட்ட கடல் சிங்கங்கள் இறந்தபோதுதான் அவற்றைக் கொல்வது இது என்று முதன்முதலில் உறுதியானது. மூளையில் நினைவையும் திசையறிவையும் காக்கும் பகுதியை இந்த நஞ்சு சிதைக்கிறது. கருவில் இருக்கும் குட்டியையும் விடுவதில்லை. மனிதருக்கும் ஆபத்துதான்: 1987-இல் கனடாவில் நஞ்சேறிய சிப்பிகளைச் சாப்பிட்டவர்களில் மூவர் இறந்தார்கள். சமைத்தாலும் நஞ்சு போகாது. மே முதல் அக்டோபர் வரை இங்கே பாறையிலிருந்து சிப்பி பறித்துத் தின்னத் தடை இருக்கிறது, அதை மதியுங்கள்.

கழுத்து வளையவில்லை, வலிப்பும் இல்லை, ஆனால் விலங்கு முன் துடுப்புகளை வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடக்கிறதா? எலும்பு தெரிய மெலிந்திருக்கிறதா? குட்டையில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கிறதா? நலமாக உள்ள கடல் சிங்கம் பொதுவாகத் தண்ணீர் குடிப்பதில்லை; மீனிலிருந்தே அதற்கு நீர் கிடைத்துவிடும். தாகமும் வயிற்றைக் கட்டிக்கொள்வதும் சிறுநீரகம் கெட்டதற்கு அறிகுறி. இது லெப்டோஸ்பைரா, நம் ஊரில் எலிக்காய்ச்சல் தருகிற பாக்டீரியா வகை. கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் அதிகம். சிறுநீர் வழியாகப் பரவும். நாய்க்கும் மனிதருக்கும் தொற்றும். ஆகவே நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள், ஈர மணலை மோந்து பார்க்க விடாதீர்கள்.

“கடல் சூடானதால்தானே இதெல்லாம்?” என்று கேட்பார்கள். ஒரே வரியில் ஆம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. 2014 முதல் 2016 வரை பசிபிக்கின் இந்தப் பகுதியில் நீர் வழக்கத்தைவிட வெகுவாகச் சூடேறியது. 2015-இல் நச்சுப் பாசி கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை படர்ந்தது. இரை மீன்கள் இடம் மாறியதால் கடல் சிங்கக் குட்டிகள் பட்டினியால் கூட்டம் கூட்டமாகக் கரையொதுங்கின. ஆனால் அதே காலத்தில் லெப்டோஸ்பைரா பல ஆண்டுகள் அவற்றிடம் தென்படவே இல்லை. 2017-இல் திரும்பி வந்தபோது, இடையில் பிறந்த விலங்குகளுக்கு அதை எதிர்க்கும் சக்தி கிடையாது; மறு ஆண்டே பெரிய கொள்ளைநோயாக வெடித்தது. வெப்பம் ஒரு நோயை ஊதிப் பெருக்கலாம், இன்னொன்றைத் தணித்துவைத்துப் பிறகு மூர்க்கமாகத் திரும்ப வழிசெய்யலாம். வடக்கே கதை வேறு: ஆர்க்டிக் பனி விலகித் திறந்த நீர்வழிகளின் ஊடே அட்லாண்டிக் சீல்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற கொடிய நோயின் வைரஸ் பசிபிக் பக்கம் வந்திருக்கலாம் என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அதனால்தான் காரணத்தை முடிவுகட்டுவதைவிடக் கண்டதைத் துல்லியமாகச் சொல்வது முக்கியம் என்கிறேன். மேற்குக் கரை முழுவதற்கும் உரிய உதவி எண் 866-767-6114. கூப்பிடுவதற்கு முன் இடம் (அருகிலுள்ள படிக்கட்டு அல்லது காவல் கோபுரத்தின் எண் போதும்), நேரம், உடலின் உத்தேச நீளம், துடுப்பில் அடையாள வில்லை இருந்தால் அதன் நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்தே அரை நிமிடக் காணொளி எடுங்கள். தலையாட்டமா, வயிற்றைக் கட்டிய கிடையா என்பது அதில் தெரிந்தால், வருகிற குழு அதற்கேற்ற ஆயத்தத்தோடு வரும். ஆள் வரத் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாசி பெருகும் வாரங்களில் அழைப்புகள் குவியும். அதுவரை மற்றவர்களை விலக்கி நிறுத்துவதே அந்த விலங்குக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. நஞ்சு உடலை விட்டு வெளியேற இரண்டு மூன்று நாள் ஆகலாம். அந்த நாட்களை அது தொந்தரவின்றிக் கழித்தால் பிழைக்கவும் கூடும்.

இறந்து கிடந்தாலும் அழையுங்கள். உடல் அழுகுவதற்குள் மாதிரி எடுத்தால்தான் எந்த நோய், எந்த மாதத்தில், எவ்வளவு வடக்கே வந்திருக்கிறது என்பது பதிவாகும். முதுகில் வண்ணக் கோடு தீட்டியிருந்தால் அதை ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டார்கள் என்று பொருள்; மறுபடி அழைக்கத் தேவையில்லை.