திப்பி, மிச்சச் சோறு, மொலாசஸ்: கறிமாட்டின் வயிற்றைக் கெடுக்கும் தீவனத் தவறுகள்

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டில் காதுகுத்து. பந்தி முடிந்தபோது இரண்டு அன்னக்கூடை சோறு மிஞ்சியது. கீழே கொட்ட மனசு வராமல், கொழுக்க வைக்கக் கட்டியிருந்த எருமைக் கிடாவின் தாழியில் போட்டுவிட்டார். ராத்திரிக்குள் தாழி காலி. விடிகாலையில் கிடா அசை போடவில்லை. காதைத் தொங்கப்போட்டு, பல்லை நறநறவென்று கடித்தபடி நின்றது. பத்து மணி வாக்கில் சாம்பல் நிறத்தில் தண்ணீராகக் கழிந்தது. கட்டுத்தரை முழுக்கப் புளித்த நெடி. இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் குழியில் கையை வைத்து அழுத்தி எடுத்தால், பாதி நிரம்பிய குடத்தை ஆட்டினது போல உள்ளே சத்தம் கேட்டது. மதியம் படுத்தது. மறுநாள் காலை உயிர் இல்லை.

"நாம தின்ன சோறுதானே தம்பி, அதுல என்ன விஷம்?" என்று அவர் இன்றைக்கும் கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டால், மாற்றுத் தீவனத்தில் நடக்கும் தவறுகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

மாடு தின்பதை முதலில் மாடு செரிப்பதில்லை. பெரிய மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு ஊறல் தொட்டி. அதற்குள் இருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் வைக்கோலையும் சோளத் தட்டையையும் உடைத்து, மாட்டுக்கு வேண்டிய சக்தியாக மாற்றுகின்றன. நார் தின்னும் கூட்டம் ஒன்று, மாவுச்சத்து தின்னும் கூட்டம் ஒன்று. நார்க் கூட்டத்துக்கு வயிற்றின் பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) 6-க்கு மேல் இருக்க வேண்டும். வெந்த சோறு கூடை கூடையாக விழுந்தால் மாவுச்சத்துக் கூட்டம் சில மணி நேரத்தில் பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கக்கித் தள்ளும். பி.எச். 5-க்குக் கீழே போகும். நார்க் கூட்டம் செத்துப்போகும். வயிற்றுக்குள் சேர்ந்த அமிலம் இரத்தத்திலிருந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கண் குழி விழுவதும், வயிற்றில் தண்ணீர்ச் சத்தம் கேட்பதும், தண்ணீராகக் கழிவதும் அதனால்தான்.

மாடு இந்த அமிலத்தைத் தணிக்கும் வழி அசை போடுவது. வளர்ந்த மாடு ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கும்; அதில் சோடா உப்பு கலந்திருக்கிறது. ஆனால் அசை போட, மென்று தின்ன வேண்டிய நார் வயிற்றில் இருக்க வேண்டும். சோற்றில் மெல்ல என்ன இருக்கிறது? அமிலம் கூடும் அதே நேரத்தில் மருந்தும் நின்றுபோகிறது.

பிழைத்துக்கொள்ளும் மாட்டுக்கும் சேதம் உண்டு. வயிற்றின் உள்சுவர் புண்ணாகி, அந்த வழியாகக் கிருமி கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும். குளம்பு வலிக்கும். தீனி எடுக்கும், உடம்பு ஏறாது. கறிக்கு வளர்ப்பவருக்கு அது மெதுவான நஷ்டம். எதனால் என்று தெரியாமலே ஆறு மாதம் தீனி போட்டுக்கொண்டிருப்பார்.

லோடு வந்த அன்றே மாற்றுவது

எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகள் ஓடும் பருவத்தில் குச்சிக்கிழங்குத் திப்பி, அதாவது மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை, மலிவாகக் கிடைக்கும். மக்காச்சோளம் விலை ஏறியிருக்கும் நேரத்தில் ஒரு லோடு திப்பி இறங்கினால் கை பரபரக்கும். நேற்று வரை மூன்று கிலோ மாவு, இன்று முதல் மூன்று கிலோ திப்பி என்று மாற்றிவிடுவோம். நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான்.

புதுத் தீவனத்துக்கு ஏற்ற நுண்ணுயிர்கள் பெருகி நிலைக்க இரண்டு மூன்று வாரம் வேண்டும். வயிற்றின் உள்சுவர் அமிலத்தை வேகமாக உறிஞ்சப் பழக அதற்கும் மேலே ஆகும். எனவே அரைக் கிலோவில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை கால் கிலோவாக ஏற்றுங்கள். ஏற்றும் நாட்களில் காலையில் சாணியைப் பாருங்கள். இளகி, நுரைத்து, புளிப்பு வாடை வந்தால் முந்தின அளவுக்கு இறங்கிவிடுங்கள். இன்னொன்று, நாள் பங்கை ஒரே வேளையில் கொட்ட வேண்டாம்; இரண்டு மூன்றாகப் பிரித்து, முதலில் தட்டை, அப்புறம் திப்பி என்று வையுங்கள்.

வெளியூர்ச் சந்தையிலிருந்து வரும் கன்றுகளுக்கு இது இன்னும் முக்கியம். லாரியில் பட்டினியாக வந்த கன்றுக்குப் பசி அதிகம். இறங்கிய அன்று நிறைய மாவு வைப்பது அன்பு போலத் தோன்றும். அதன் வயிறு தாங்காது. முதல் சில நாள் வைக்கோலும் தண்ணீரும் போதும்.

திப்பியைப் புண்ணாக்கு என்று நினைப்பது

திப்பியை நான் குறை சொல்லவில்லை. மாவு எடுத்த பிறகும் காய்ந்த எடையில் பாதிக்கு மேல் மாவுச்சத்து தங்கியிருக்கும். சக்திக்கு நல்ல தீவனம். ஆனால் புரதம் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். வெறும் திப்பி தின்னும் கன்று வயிறு பெருத்து, முதுகெலும்பு தெரிய நிற்கும். சக்தி இருந்தும் உடம்பு கட்டத் தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லாமல் நுண்ணுயிர்கள் தவிப்பதன் அடையாளம் அது. கடலைப் புண்ணாக்கோ பருத்திக்கொட்டைப் புண்ணாக்கோ சேர்க்காமல் திப்பி வைப்பதில் அர்த்தமில்லை.

ஈரத் திப்பி வாங்குகிறவர்கள் எடையில் ஏமாந்துபோகிறார்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர்; ஐந்து கிலோ போட்டால் மாட்டுக்குள் போவது கிட்டத்தட்ட ஒரு கிலோதான். காய்ந்த திப்பியில் வேறு சிக்கல். பாறையிலும் மண் தரையிலும் உலர்த்துவதால் மண் கலந்து வரும். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அடியில் விரற்கடை உயரத்துக்கு மணல் தங்கினால் அந்த லோடு வேண்டாம். அந்த மணல் வயிற்றின் அடியில் போய்த் தங்கும். நீங்கள் அதற்கும் காசு கொடுக்கிறீர்கள். மழையில் நனைந்து, உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பிடித்த மூட்டையை வெயிலில் காயவைத்தால் பூசணம் கண்ணுக்கு மறையும், அதன் நஞ்சு போகாது. அந்த மூட்டையை எருக்குழியில் போடுங்கள்.

கிழங்குத் தோலும் இலையும் தனிக் கதை. அவற்றில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பச்சையாகப் போட்டால், அதுவும் பசித்த மாட்டுக்குப் போட்டால், சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கி விழும். நறுக்கி, பரப்பி, நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும்.

எல்லா மாவும் ஒன்று என்று கணக்குப் போடுவது

தீவனப் பட்டியலில் சக்தி அளவு ஒன்றாக இருக்கலாம். வயிற்றில் கரையும் வேகம் ஒன்றல்ல. சோறு, கோதுமை மாவு, திப்பி, மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) எல்லாம் வேகமாக அமிலமாகும். மக்காச்சோளம் அதைவிட நிதானம். உடைத்த சோளம் இன்னும் நிதானம். நைசாக அரைக்க அரைக்க எதுவானாலும் வேகம் கூடும். குருணை பதத்துக்கு உடைத்தால் போதும் என்று சொல்வது இதனால்தான்.

நம் ஊரில் உளுந்துப் பொட்டு, துவரைப் பொட்டு (பருப்பு உடைக்கும்போது வரும் தோலும் நொய்யும்), கோதுமைத் தவிடு என்று பலர் மலிவாகப் பார்க்கும் சாமான்களுக்கு இங்கே பெரிய மதிப்பு இருக்கிறது. அவற்றின் சக்தியில் பெரும்பங்கு செரிக்கக்கூடிய நாரிலிருந்து வருகிறது. லாக்டிக் அமிலக் குவியல் வராது. வெளிநாடுகளில் பீட்ரூட் சர்க்கரை ஆலைச் சக்கையையும், ஆரஞ்சு பிழிந்த சக்கையையும் தானியத்துக்குப் பதிலாகக் கொடுப்பது இதே காரணத்துக்காகத்தான். திப்பி மட்டும் மூன்று கிலோ என்பதை, திப்பி ஒன்றரை, பொட்டு ஒன்றரை என்று மாற்றிப் பாருங்கள். சாணி ஒரு வாரத்தில் வித்தியாசம் சொல்லும்.

நறுக்குவதிலும் இதே கதை. வைக்கோலையும் தட்டையையும் தூளாக அரைத்து மாவோடு கலந்தால் மாடு மிச்சம் வைக்காமல் தின்னும், உண்மைதான். ஆனால் தூளுக்கு அசை போடத் தேவையில்லை. ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். காய்ந்த எடைக் கணக்கில் மொத்தத் தீனியில் நூற்றுக்கு நாற்பது பங்காவது தட்டையும் வைக்கோலும் பசுந்தீவனமுமாக இருப்பதே நம்மைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு.

தவிடும் ஆண் கன்றும்

எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் நூற்றுக்குப் பதினைந்து வரைக்கும்கூடக் கொழுப்பு இருக்கும். மொத்தத் தீனியில் கொழுப்பு ஐந்து ஆறு சதவீதத்தைத் தாண்டினால் அது நாரின்மேல் பூசியதுபோல் படிந்து, நார் தின்னும் நுண்ணுயிர்களை முடக்கிவிடும். தவிடு கூடியதும் வைக்கோல் தின்பது குறைகிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான். பலகாரம் சுட்ட எண்ணெயைத் தாழியில் ஊற்றுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

கறிக்கு வளர்ப்பவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தால் ஆண் கன்றுகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். வாலைத் தூக்கி முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் அதைச் சூடு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தவிடு கொடுக்கும் இடத்தில் தாது உப்பும் சுண்ணாம்புத் தூளும் கலவையில் இருக்க வேண்டும். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

டி.டி.ஜி.எஸ்., மொலாசஸ்

எத்தனால் ஆலைகள் பெருகியதால் இப்போது டி.டி.ஜி.எஸ். (தானியத்தில் எத்தனால் எடுத்த பின் மிஞ்சும் உலர்ந்த சக்கை) மூட்டை எல்லா ஊரிலும் கிடைக்கிறது. தானியத்தின் மாவுச்சத்தை ஆலை எடுத்துக்கொள்ள, மிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆகவே புரதம், கொழுப்பு, பாஸ்பரஸ் எல்லாம் மூன்று மடங்காகச் செறிந்துவிடும். தானியத்தில் பூசண நஞ்சு இருந்திருந்தால் அதுவும் மூன்று மடங்கு. கந்தகமும் சேரும், அது அளவு மீறினால் மூளை பாதித்து மாடு கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டி நிற்கும். இதை மாவுக்குப் பதிலாக அல்ல, புண்ணாக்கின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கணக்கில் வையுங்கள்.

மொலாசஸிலும் அதே மாதிரி மூளைக் கோளாறு வரும். கியூபாவில் 1960-களின் பிற்பகுதியிலிருந்து மொலாசஸையே முக்கியத் தீவனமாக வைத்துக் கறிமாடுகளைக் கொழுக்க வைத்தார்கள். பசுந்தீவனம் குறைந்த இடங்களில் மாடுகள் குடித்தவன்போலத் தள்ளாடின. அந்த நோய்க்கே போதை என்று பெயர் வைத்தார்கள். மொலாசஸைத் தீனியில் நூற்றுக்குப் பத்துக்குள் நிறுத்தி, வைக்கோல்மேல் தெளித்துக் கொடுத்தால் வைக்கோலும் கூடச் செல்லும்.

எதற்கெடுத்தாலும் சோடா

வயிறு உப்பினால் ஆப்பச்சோடா கரைத்து ஊற்றுவது ஊர்ப் பழக்கம். சோறு, மாவு தின்று அமிலம் ஏறிய மாட்டுக்கு அது சரியான திசைதான். ஆனால் யூரியா தின்றுவிட்ட மாட்டுக்கு அதே சோடா கேடு. யூரியா வயிற்றில் அம்மோனியாவாக மாறும், பி.எச். ஏறும். ஏறிய பி.எச்.சில் அம்மோனியா இன்னும் வேகமாக இரத்தத்தில் கலக்கும். அங்கே வேண்டியது வினிகரும் நிறையக் குளிர்ந்த தண்ணீரும். சோறு தின்ற மாட்டுக்கோ முதல் ஒரு நாள் தண்ணீரைக்கூட அளவாகத்தான் காட்ட வேண்டும். இரண்டையும் பிரித்தறிய நேரம் உதவும்: யூரியா என்றால் அரை மணி நேரத்திலேயே உடம்பு நடுங்கும், வாயில் நுரை தள்ளும். சோறு என்றால் பாதி நாள் கழித்துத்தான் தெரியும்.

எதுவானாலும் நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை அண்ணாந்து தூக்கி ஊற்றாதீர்கள். மருந்து நுரையீரலுக்குப் போய், வயிற்று நோயில் பிழைத்த மாடு சளிக்காய்ச்சலில் சாகும். கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்கு அழையுங்கள், என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த அண்ணன் சோற்றுக் கதையை மருத்துவரிடம் மதியம் வரை சொல்லவே இல்லை.

அவர் இப்போது மூன்று கிடாக்கள் கட்டியிருக்கிறார். வாரத்துக்கு ஒருநாள் ஒரு கை சாணியை மாவுச் சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசுகிறார். முழு மக்காச்சோளம் தங்கினால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் உடைக்கிறார். விரல் நீளத்துக்கு வைக்கோல் துண்டு செரிக்காமல் வந்தால் திப்பியைக் கால் கிலோ குறைக்கிறார். போன வாரம் நான் போனபோது சல்லடையில் தங்கியது பொடி நார் மட்டும்தான். கிடாக்கள் மூன்றும் நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.