பாட்டு ஓடிய பிறகு வரும் தலைவலிகள்: சுயாதீன ராப்பர்கள் செய்யும் தவறுகள்

தமிழில் சொந்தமாக ராப் எழுதி வெளியிடும் பசங்களிடம் வரிகளுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் சறுக்குவது பீட் (ராப் பாடுவதற்கான பின்னணி இசை) வாங்கும்போதும், பாட்டில் யாருக்கு என்ன பங்கு என்பதை எழுதி வைக்காமல் விடும்போதும்தான்.

யூடியூபில் 'ஃப்ரீ பீட்' என்று போட்டிருப்பார்கள். அதை இறக்கிப் பாடி, ஸ்பாட்டிஃபையில் ஏற்றிவிடுவோம். அந்த 'ஃப்ரீ' பெரும்பாலும் காசு பார்க்காத பாட்டுக்கு மட்டும்; கீழே விவரத்தில் எழுதியிருக்கும், யார் படிக்கிறார்கள்? பாட்டு ஓடாதவரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஓட ஆரம்பித்ததும் பீட் போட்டவர் வந்து நிற்பார். அப்போது அவர் சொல்வதுதான் விலை.

சரி, காசு கொடுத்து லீஸ் (பீட்டை நிபந்தனைகளோடு பயன்படுத்தும் அனுமதி) எடுத்தாயிற்று என்றாலும் முடியவில்லை. அதே பீட்டை இன்னும் பல பேருக்கு விற்பார்கள். எத்தனை ஸ்ட்ரீம் (பாட்டு நெட்டில் ஒருமுறை ஓடினால் ஒரு ஸ்ட்ரீம்) வரை செல்லும், எத்தனை வருடம், காசு வாங்கிக்கொண்டு மேடையில் பாடலாமா என்பதையெல்லாம் லீஸில் பாருங்கள். பாட்டை ஏற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் (நம் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் நிறுவனம்) 'யூடியூப் கன்டென்ட் ஐடி வேண்டுமா' என்று கேட்கும். உங்கள் பாட்டின் ஒலி வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் வசதி அது. லீஸ் பீட்டுக்கு அதை டிக் செய்யவே கூடாது. செய்தால் அதே பீட்டில் பாடிய மற்றவர்களின் வீடியோவுக்கும், பீட் போட்டவரின் வீடியோவுக்கும்கூட உங்கள் பெயரில் கிளெய்ம் போகும். ஊரெல்லாம் சண்டை.

பீட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாம்பிள் (வேறொரு பாட்டிலிருந்து எடுத்த துணுக்கு) இன்னொரு வம்பு. அமெரிக்க ராப்பர் லில் நாஸ் எக்ஸ் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டுக்கான பீட்டை நெட்டில் 30 டாலருக்கு வாங்கினார். அதற்குள் நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற ராக் குழுவின் இசைத்துணுக்கு இருந்தது. கடைசியில் அந்தக் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் இருவருக்கும் பாட்டில் பெயரும் பங்கும் போயிற்று. பீட்டுக்குக் கொடுக்கும் காசில் சாம்பிளுக்கான அனுமதி தானாக வந்துவிடாது. விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

'நான் விற்கவே இல்லையே, சும்மாதானே போட்டேன்' என்பதும் எடுபடாது. அமெரிக்க ராப்பர் மேக் மில்லர் 2010இல் இலவசமாக வெளியிட்ட மிக்ஸ்டேப்பில் (ஆல்பம் போன்ற பாட்டுத் தொகுப்பு) லார்ட் ஃபினெஸ் என்ற இன்னொரு ராப்பரின் பீட் ஒன்றில் பாடியிருந்தார். 2012இல் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்கு வந்தது. கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தார்கள். அந்த வழக்குச் செலவை நம் ஆட்கள் யார் தாங்குவது?

அப்புறம் பங்கு. பீட் போட்டவன் நண்பன், ஹுக் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) பாடியவள் தோழி, அவர்களிடம் போய்ப் பங்கு பற்றிப் பேசுவதா என்ற கூச்சத்திலேயே நிறைய கூட்டணிகள் உடைந்திருக்கின்றன. ரெக்கார்டிங் முடிந்த அன்றே, குறைந்தபட்சம் வாட்ஸ்அப்பிலாவது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரிடமும் 'ஓகே' வாங்கிவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்புவது ஒலிப்பதிவுக்கான காசு மட்டும். வரி எழுதியதற்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி தனி. இந்தியாவில் அதை வசூலிப்பது ஐ.பி.ஆர்.எஸ். என்ற பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான சங்கம். அங்கே உறுப்பினராகாமல் பல வருடம் பாடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியர் தன் ராயல்டி உரிமையை லேபிளுக்கு (பாட்டை வெளியிடும் இசை நிறுவனத்துக்கு) எழுதிக் கொடுக்கவே முடியாது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் வக்கீலிடம் காட்டுங்கள்.

காசு கொடுத்து ஸ்ட்ரீம் ஏற்றித் தருகிறோம் என்பவர்களைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஸ்பாட்டிஃபை 2024இலிருந்து பொய் ஸ்ட்ரீமுக்கு டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் அபராதம் வாங்குகிறது. அவர்கள் அதை உங்கள் கணக்கில் கழிப்பார்கள், பாட்டையும் தூக்குவார்கள். ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாவிட்டால் அதற்கு ரெக்கார்டிங் ராயல்டியும் கிடையாது.

என் பார்வையில், இதைவிடப் பெரிய தவறு ரசிகருக்கு விற்க ஒன்றுமே இல்லாமல் இருப்பது. லாஸ் ஏஞ்சல்ஸ் ராப்பர் நிப்ஸி ஹஸில் 2013இல் 'கிரென்ஷா' மிக்ஸ்டேப்பை நெட்டில் இலவசமாகவே விட்டார். கூடவே 1,000 சிடி மட்டும் அடித்து, ஒன்று 100 டாலர் என்று விற்றார். பிரபல ராப்பர் ஜே-ஸி மட்டும் நூறு வாங்கினார். நம் ஊர் ஷோக்களில் பாட்டு முடிந்ததும் செல்ஃபி எடுக்க வருகிற கூட்டத்தில் ஒரு டி-ஷர்ட்டாவது வாங்கிப்போக ஆள் இருக்கிறார்கள். பல இடங்களில் அதை வைத்து விற்க ஒரு மேசைகூடக் கிடையாது.