ரீமேப்பா, வேறு காரா?

கார் வேகம் போதவில்லை என்று தோன்றினால், முதலில் பானெட்டுக்குள் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். முடிவில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

டர்போ இல்லாத 1.2 லிட்டர் ஸ்விஃப்ட்டில் ஈசியூ ரீமேப் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது), ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் போட்டாலும் கூடுவது சில குதிரைத்திறன்தான். சத்தம் மட்டும் தாராளமாகக் கூடும்! அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, 150 பிஎஸ் (குதிரைத்திறன்) தரும் ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் 1.5 டிஎஸ்ஐ டர்போ மாதிரி ஒரு காரை செகண்ட் ஹேண்டில் தேடலாம்.

110 பிஎஸ் போலோ டிஎஸ்ஐ போன்ற டர்போ கார் என்றால் கதையே வேறு. ரீமேப் மட்டுமே நன்றாக வித்தியாசம் காட்டும். ஆனால் கிளட்சும் கியர்பாக்ஸும் அந்தக் கூடுதல் டார்க்கை (எஞ்சினின் சுழற்றும் விசையை) தாங்க வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் 7 கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு டார்க் வரம்பே 250 என்எம்தான் (நியூட்டன் மீட்டர்). வாரண்டி போகலாம், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும். எஞ்சினையே மாற்றுவதாக இருந்தால் ஆர்டிஓ அனுமதி கட்டாயம்.

அப்புறம், எதைச் செய்வதற்கு முன்னாலும் நல்ல டயரும் பிரேக் பேடும் போட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.