மால்ட் ஆலைக்கு மோட்டார் பொருத்திய கதை

வீட்டில் பீர் காய்ச்ச, மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) நொறுக்கும் இரட்டை உருளை ஆலை ஒன்றை வாங்கினேன். மால்ட் மாவாகிவிடக் கூடாது. உள்ளிருக்கும் பருப்பு மட்டும் நொறுங்க வேண்டும், உமி முழுதாக நிற்க வேண்டும். நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும்போது அந்த உமிதான் சல்லடை. இரு தகடுகளுக்கு நடுவே தேய்த்து அரைக்கும் தகட்டு ஆலையை நான் ஒதுக்கியது அதனால்தான்.

கையிலிருந்த சிறிய பேட்டரி டிரில்லை மாட்டியது தவறு. 2 கிலோ அரைப்பதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. வேகத்தைக் கூட்டினேன், உமி கிழிந்தது. அன்று வடிநீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, பிறகு அடியோடு நின்றுபோனது.

ஆலைக்குத் தேவை வேகமல்ல, முறுக்கு விசை. நிமிடத்துக்கு 1,440 சுற்று சுழலும் மோட்டாரில் 40 மி.மீ. கப்பியும், ஆலையில் 320 மி.மீ. கப்பியும் போட்டு பெல்ட்டால் இணைத்தேன். வேகம் எட்டில் ஒரு பங்காக, 180 சுற்றாகக் குறைந்தது. விசையோ ஏறக்குறைய எட்டு மடங்கானது. பெல்ட்டுக்கு மூடி கட்டாயம் வேண்டும், விரல் போனால் வராது. உருளைகள் சுழலத் தொடங்கிய பிறகே தானியத்தைக் கொட்டுகிறேன். நிரப்பிவிட்டு ஓட்டினால் சிக்கிக்கொள்கிறது.

உருளைகளுக்கு இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடுக்கில் செருகி அளக்கும் மெல்லிய தகடு) இரு முனைகளிலும் அளந்து 1 மி.மீ. வைத்தேன். ஒரு முனையை மட்டும் பார்த்தால் போதாது. இன்னொன்று: அரைக்கும் முன் 5 கிலோ மால்ட்டுக்கு 100 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசிறி 10 நிமிடம் விடுகிறேன். உமி தோல்போல வளைந்துகொடுக்கிறது. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால், வெள்ளை நொறுக்குகளுக்கு நடுவே உமிகள் காலிப் படகுகளாகக் கிடக்கின்றன.