மற்ற 12 ஆட்டங்கள்: கோல்ஃபில் ஒரே சீராக ஆடுவது எப்படி

ஒரு வாரம் 88, அடுத்த வாரம் 101, அதற்கடுத்த வாரம் 93. ஞாயிறு காலையில் மட்டும் கோல்ஃப் ஆடுகிறவர்களின் ஸ்கோர் (18 ஹோலையும், அதாவது குழியையும், முடிக்க எடுத்த மொத்த அடிகள்; குறைந்தால் நல்லது) பெரும்பாலும் இப்படித்தான் ஏறி இறங்கும். "88 அடிச்ச அதே கைதானுங்க, அப்புறம் எப்படி நூறு தாண்டுது?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஹேண்டிகேப் கணக்கைத்தான் எடுத்துக் காட்டுவேன். 2020-ல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 மட்டும்தான் கணக்கில் சேரும். மீதி 12 எவ்வளவு மோசமாகப் போனாலும் அந்த எண்ணில் தெரியாது. நல்ல நாளில் உங்களால் எவ்வளவு முடியும் என்று சொல்வதுதான் ஹேண்டிகேப்பின் வேலை. சீராக ஆட ஆசைப்படுகிறவர் கவனிக்க வேண்டியது அந்த 12 ஆட்டங்களின் ஸ்கோர் கார்டுகளை.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஆடுவது செட்டிபாளையம் மைதானத்தில். தொழில் லேத் பட்டறை. பட்டறையில் ஒரே அளவில் பத்துப் பீஸ் ஓட்டுகிறோம். பத்தும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வந்தால் எனக்குக் கவலையே கிடையாது, ஆஃப்செட்டை மாற்றினால் தீர்ந்தது. ஒன்று கூட, ஒன்று குறைய என்று வந்தால்தான் மெஷினைப் பிரிக்க வேண்டும். கோல்ஃப் பந்துக்கும் இதே கணக்குதான். எல்லாப் பந்தும் வலது பக்கமே வளைகிறது என்றால் இடது பக்கம் குறிவைத்து வாழ்நாள் முழுக்க நிம்மதியாக ஆடலாம். அடுத்த பந்து எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் நிற்பதுதான் ஸ்கோரைக் கெடுக்கிறது.

கார்டைப் படியுங்கள்

பார் என்பது ஒரு ஹோலுக்கு நிர்ணயித்த அடிகள்; போகி என்றால் அதைவிட ஒன்று கூட. பார் 72 மைதானத்தில் 18 ஹோலிலும் போகி அடித்தால் 90. நீங்கள் 96 அடித்தீர்கள் என்றால் அதைவிட ஆறு அடி அதிகம். அந்த ஆறும் மைதானம் முழுக்கப் பரவிக் கிடப்பதாக நினைக்கிறோம். கார்டை எடுத்துப் பார்த்தால் ஒரு பார் 4-ல் எட்டு, ஒரு பார் 5-ல் ஒன்பது இருக்கும். ஆறு வந்துவிட்டது. மற்ற 16 ஹோலும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டி போகி கணக்கிலேயே போயிருக்கும்.

அதனால் கார்டில் ஸ்கோருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து போட்டு வாருங்கள். பந்து தண்ணீரிலோ எல்லைக்கு வெளியிலோ போய்த் தண்டனை அடி வாங்கினால் 'த'. மரத்துக்கு அடியிலிருந்து முதல் முயற்சியில் வெளியே வராவிட்டால் 'ம'. கிரீனுக்கு (குழி இருக்கும், புல்லை ஒட்ட வெட்டிய தரைக்கு) பக்கத்தில் இரண்டாவது சிப் (பந்தைச் சற்றே தூக்கிவிடும் சின்ன அடி) தேவைப்பட்டால் 'சி'. கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்ட மூன்று புட் ஆனால் 'பு'. நான்கைந்து ஆட்டத்திலேயே உங்கள் ஆட்டம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். ஒருவருக்கு 'த' நிறைய இருக்கும்: டிரைவர் (தூர அடிக்கான பெரிய மட்டை, அதாவது கிளப்) பிரச்சினை. இன்னொருவருக்கு 'பு'வாக இருக்கும். அவர் ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) டிரைவரை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வியர்வை சிந்துவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எதைப் பயிற்சி செய்வது என்பதைக் கார்டு சொல்லட்டும்.

தூரம்: உங்கள் நிஜமான எண்

7 ஐயன் (இரும்பு கிளப்; எண் கூடக் கூடத் தூரம் குறையும்) எவ்வளவு போகும் என்று யாரைக் கேட்டாலும் தான் என்றோ அடித்த சிறந்த அடியைத்தான் சொல்வார். உங்களுக்குத் தேவை சராசரி அடியின் கேரி, அதாவது பந்து காற்றில் போய் முதலில் தரையில் விழும் தூரம். கோடையில் தரை காய்ந்து கிடக்கும்போது பந்து உருண்டு ஓடி நம்மை ஏமாற்றும். ஆனால் பங்கரையோ (மணல் பள்ளத்தையோ) தண்ணீரையோ உருண்டு தாண்ட முடியாது.

ரேஞ்சில் ஒரு கிளப்பை எடுத்துப் பத்துப் பந்து அடியுங்கள். மிக நன்றாகப் போன இரண்டையும் மிக மோசமான இரண்டையும் விட்டுவிடுங்கள். மீதி ஆறு விழுந்த இடத்தின் நடுப்பகுதிதான் உங்கள் எண். ரேஞ்ச் பந்துகள் தேய்ந்து போனவை, கொஞ்சம் குறைவாகவே போகும்; அதனால் ஆட்டத்தில் பயன்படுத்தும் பந்தை வைத்து மைதானத்திலும் ஒரு மாலையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தூரத்தோடு அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆறு பந்துகளில் இடது ஓரத்தில் விழுந்ததற்கும் வலது ஓரத்தில் விழுந்ததற்கும் இடையில் எத்தனை கஜம்? வாரக்கடைசி ஆட்டக்காரருக்கு 7 ஐயனிலேயே 25, 30 கஜம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்த அகலத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் குறி பார்க்க வேண்டும். குழியைக் காட்டும் கொடி கிரீனின் வலது ஓரம், அதை ஒட்டிப் பங்கர் என்றால், கொடியைப் பார்த்து அடித்த பந்துகளில் பாதி மணலுக்குள் போகும். கிரீனின் நடுவைப் பார்த்து அடித்தால் பெரும்பாலானவை புல்லில் நிற்கும். கொடியைக் குறிவைப்பது நாள்தோறும் பயிற்சி எடுக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான வேலை. அவர்களே பல தடவை செய்வதில்லை.

நிற்பதும் அடிப்பதும்

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் கிளப் முகம்தான் தீர்மானிக்கிறது. முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் வளைவாக மாறுகிறது. இது தெரிந்தால் ஸ்லைஸ் (வலது கைக்காரருக்கு வலது பக்கம் வளையும் அடி) போகும் ஒவ்வொரு முறையும் புதுப்புது வைத்தியம் தேட மாட்டீர்கள். நேராக அடிப்பதற்குப் பாடுபடாமல், இயல்பாக வரும் ஒரு வளைவை வைத்துக்கொள்ளுங்கள்.

சீர் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஸ்விங் கிடையாது, நிற்கும் முறை. பந்தின் இடம் வாரா வாரம் ஒரு அங்குலம் முன்னே பின்னே நகர்கிறது, நமக்கே தெரிவதில்லை. வலது கைக்காரர் டிரைவருக்கு இடது குதிகாலுக்கு உள்பக்கமாகவும், 7 ஐயனுக்கு நடுவிலிருந்து சற்று முன்னாலும் பந்தை வைக்கலாம். வீட்டில் தரை டைல்ஸ் கோட்டின் மேல் நின்று, செல்போனில் முன்னாலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை புதுப் படத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். திசைக்கு அமெரிக்க கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் வழி இருக்கிறது: பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, அந்தக் கோட்டில் பந்துக்குச் சில அடி முன்னால் ஒரு சருகையோ வெளிறிய புல்லையோ பிடித்துக்கொள்வார். பிறகு கிளப் முகத்தை அதற்கு நேராக வைப்பார். 150 கஜத்துக்கு அப்பால் இருப்பதைவிட இரண்டடியில் இருப்பதற்கு நேராக நிற்பது மிகவும் சுலபம்.

ஐயன் அடிக்கு நான் எல்லோருக்கும் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. ரேஞ்சில் கேட்டுக்கொண்டு, கோலமாவில் இலக்குக்குக் குறுக்காக இரண்டடி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இழுங்கள். பந்து வேண்டாம். கோடு இரண்டு கால்களுக்கு நடுவில் வரும்படி நின்று 9 ஐயனை மெதுவாக வீசுங்கள். கிளப் புல்லைத் தொட்ட இடத்தைக் குனிந்து பாருங்கள். கோட்டுக்குப் பின்னால் மண் கிளம்பியிருந்தால், பந்து இருந்திருக்கும்போது அது பாதி தூரம்தான் போயிருக்கும். கோட்டின் மேலேயோ இலக்குப் பக்கமாகவோ புல் பெயர்ந்திருந்தால், பந்தை முதலிலும் தரையைப் பிறகும் தொட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் கோட்டின் மேலேயே ஒரு சாண் நகர்ந்து அடுத்ததை அடியுங்கள். கோடு முடியும்போது பெயர்ந்த தடங்கள் வரிசையாக இருக்கின்றனவா, கோணல்மாணலாக இருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.  பின்னால்தான் விழுகிறது என்றால், வீசும்போது எடை வலது காலிலேயே தங்கிவிட்டது. முடிவில் சட்டையின் பொத்தான் வரிசை இலக்கைப் பார்க்கும்படி திரும்பி, வலது காலின் கட்டைவிரல் மட்டும் தரையில் நிற்கிறதா என்று பாருங்கள். பல பேருக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

ரேஞ்சில் ஒரே கிளப்பில் ஐம்பது பந்து அடிப்பது உடம்புக்கு நல்லது, ஆட்டத்துக்கு அவ்வளவாக உதவாது. மைதானத்தில் ஒரே அடி இரண்டு தடவை கிடைப்பதில்லை. பாதிப் பயிற்சியையாவது கிளப்பை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்: டிரைவர், பிறகு 8 ஐயன், பிறகு ஒரு சிப். மனதுக்குள் செட்டிபாளையத்தின் ஒவ்வொரு ஹோலாக ஆடிக்கொண்டு போவேன் நான்.

ஆடிக்காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக எங்கள் பக்கம்தான் இறங்கும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை செட்டிபாளையத்தில் ஆடுவது தனி ஆட்டம். காலை ஆறரைக்குப் பந்து வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். பத்து மணிக்குக் கொடித்துணி படபடவென்று அடித்துக்கொள்ளும்.

எதிர்காற்றில் எல்லோரும் பலமாக அடிப்பார்கள். பலமாக அடித்தால் பந்தில் பின்சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் பந்து மேலே ஏறும், ஏறின பந்தைக் காற்று பிடித்து நிறுத்திவிடும். இரண்டு எண் குறைந்த கிளப்பை (ஏழுக்குப் பதில் ஐந்து) எடுத்து, கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்து, முக்கால் வீச்சில் மெதுவாக அடியுங்கள். என் கேடி (கிளப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் உதவியாளர்) ரொம்ப வருஷமாக இந்த மைதானத்தில் நடக்கிறவர். கொஞ்சம் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துவிட்டு, கை மட்டத்துக் காற்றை நம்பாமல் மர உச்சியைப் பார்ப்பார்.

"ஏழு எடுக்காதீங்க சார். கீழ காத்து இல்லைங்க, மேல இழுக்குது. அஞ்சை எடுத்துச் சும்மா தட்டுங்க."

"அஞ்சு தாண்டிப் போயிடாதுங்களாண்ணா?"

"தாண்டாது சார். தாண்டுனாலும் பின்னால பங்கர் இல்லைங்களே."

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். தவறினால் எங்கே தவறலாம் என்று அடிப்பதற்கு முன்பே முடிவு செய்கிறார். கேடி சொல்வதைக் கேட்கிறவர்களுக்கு டபுள் போகி (பாரைவிட இரண்டு கூட) குறையும். 2009-ல் இந்தியன் ஓபனை வென்ற பெங்களூரு சி. முனியப்பாவே கேடியாகத் தொடங்கியவர்தான். அவர்கள் ஒரு நாளைக்குப் பார்க்கும் அடிகளை நாம் ஒரு மாதத்தில் பார்ப்பதில்லை.

ஊட்டிக்கு ஆடப் போனால் எண்களை எல்லாம் திருத்த வேண்டும். 7,000 அடிக்கு மேலே காற்று அடர்த்தி குறைவு, பந்து பத்து சதவீதம்வரை கூடப் போகும். இங்கே 150 கஜத்துக்கு எடுக்கும் கிளப் அங்கே 165வரை போய்விடும். அதோடு தரை சரிவு வேறு: பந்து காலைவிட மேட்டில் இருந்தால், வலது கைக்காரருக்கு அது இடது பக்கம் இழுக்கும்.

கிரீனைச் சுற்றி

சிப்புக்கு ஒரே ஒரு கிளப்பை வைத்துக்கொள்ளுங்கள். பிட்சிங் வெட்ஜ் (முகம் சாய்ந்த, கிட்டத்து அடிக்கான கிளப்) போதும். எடை இடது காலில், பந்து சற்றுப் பின்னால், கிரீனுக்குள் ஒரு தப்படி தூரத்தில் பந்தை விழவைத்து மீதியை உருள விடுங்கள். 60 டிகிரி வெட்ஜ் பங்கரைத் தாண்ட வேண்டிய இடத்துக்கு மட்டும்.

புட்டில், தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடி தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். ஆகவே எட்டடி தவறியதற்கு மனம் நொந்து அடுத்த டீயில் (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில்) ஆவேசமாக டிரைவரைச் சுழற்ற வேண்டாம். நீங்கள் காப்பாற்ற வேண்டியது நீளமான முதல் புட்டின் தூரத்தை. பயிற்சிக் கிரீனில் ஐந்து, பத்து, பதினைந்து தப்படி தூரங்களில் டீ குச்சி குத்தி, மூன்றுக்கும் மாற்றி மாற்றி உருட்டுங்கள்; ஒவ்வொரு பந்தும் குச்சியிலிருந்து ஒரு புட்டர் நீளத்துக்குள் நிற்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் இதை மட்டும் செய்யுங்கள். நம் வெப்பத்தைத் தாங்கும் பெர்முடா வகைப் புல்லில் புல் சாயும் திசையும் முக்கியம். பந்திலிருந்து குழியைப் பார்க்கும்போது புல் பளபளத்தால் சாய்வு உங்களுக்குச் சாதகம், பந்து வேகமாக ஓடும். கருப்பாகத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, கொஞ்சம் அழுத்தி அடியுங்கள்.

எட்டும் ஒன்பதும் வராமலிருக்க

மரத்தடியில் பந்து கிடந்தால் கிளைகளுக்கிடையில் தெரியும் சந்தைத் தேடாதீர்கள். பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் புல் வெட்டிய பாதைக்கு) தட்டிவிடுங்கள். ஒரு அடி போகும், அதோடு முடிந்தது. பந்து தொலைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அங்கேயே தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துவிட்டுப் போங்கள். 2019 விதிகளின்படி தேட மூன்று நிமிடம்தான். இரண்டு தண்டனை அடியோடு ஃபேர்வே பக்கம் பந்தைப் போட்டுக்கொள்ளும் உள்ளூர் விதி உங்கள் மைதானத்தில் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். ஒடுங்கிய ஹோலில் டீயில் டிரைவருக்குப் பதில் ஹைப்ரிட் என்ற சின்ன கிளப்பை எடுப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

அடிக்கு முன் செய்வது எல்லாம் எப்போதும் ஒரே வரிசையில் இருக்கட்டும். விதிகள் பரிந்துரைப்பது 40 விநாடி. அதற்குள் ஒரு மூச்சு, ஒரு ஒத்திகை வீச்சு, ஒரு பார்வை, அடி. ஆட்டத்தின் நடுவில் ஸ்விங்கைத் திருத்தாதீர்கள். பந்து அன்று எந்தப் பக்கம் போகிறதோ அதற்கேற்பக் குறியை மாற்றி முடித்துவிட்டு, திருத்தத்தைச் செவ்வாய்க்கிழமை ரேஞ்சுக்கு ஒத்திவையுங்கள்.

13-வது ஹோலுக்குப் பிறகு ஸ்கோர் சரிகிறது என்றால் பெரும்பாலும் அது பசியும் தாகமும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் மூன்று ஹோலுக்கு ஒருமுறை தண்ணீர், ஒன்பதாவதில் ஒரு நேந்திரம்பழம், பன்னிரண்டாவதில் கடலை மிட்டாய். பையில் இரண்டு கையுறை வைத்து, வியர்வையில் நனைந்ததைப் பைக்கு வெளியே காயப் போட்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். கிரிப்புகளை மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். தேய்த்த பிறகும் வழவழவென்று வழுக்கினால் அந்த வாரமே கடையில் கொடுத்துப் புதிது போட்டுவிடுங்கள்.