காலனி பூங்காவில் நாட்டு மரம் நடுவது எப்படி? சேலத்து மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற செய்முறை

மரம் நட ஆள் சேர்ப்பது சேலத்தில் பெரிய வேலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாருங்கள் என்று காலனி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தட்டினால் போதும், குழந்தை குட்டியோடு வந்து நிற்பார்கள். அந்தக் கூட்டம் பங்குனியில் எங்கே போகும் என்பதுதான் கேள்வி. அதனால் இந்த விளக்கத்தில் நடுகிற நாளைப் பற்றிக் கொஞ்சமும், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலையைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன். முதன்முறையாக இறங்குபவர்களுக்கு இது உதவும்.

1. முதலில் தண்ணீர்க் கணக்கு

எத்தனை கன்று வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், சித்திரை வெயிலில் எத்தனை கன்றுக்கு உங்களால் தண்ணீர் ஊற்ற முடியும் என்று பாருங்கள். முதல் கோடையில் ஒரு கன்றுக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு ஒரு குடம் வேண்டும். ஒரு குடம் என்றால் 12 முதல் 15 லிட்டர். 40 கன்று வைத்தால் ஒரு முறைக்கே 600 லிட்டர் வரை ஆகிவிடும். 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்று பத்தாது. பூங்காவில் போர் இருக்கிறதா, அது கோடையிலும் தண்ணீர் தருகிறதா, மோட்டார் சாவி யாரிடம், ஹோஸ் பைப் கடைசி குழி வரை எட்டுமா? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகுதான் குழியின் எண்ணிக்கை. 12 கன்றுக்குத்தான் தண்ணீர் என்றால் 12 மட்டும் வையுங்கள். நூறு வைத்துப் படம் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வருடம் அதே குழியில் மறுபடி நூறு வைக்கிற கூத்து ஊரெங்கும் நடக்கிறது. அது நமக்கு வேண்டாம்.

2. அனுமதி

பூங்கா மாநகராட்சியுடையது என்றால் உங்கள் மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று சேலம் மாநகராட்சிக்கு நான்கு மண்டலங்கள். உங்கள் வார்டு எதில் வருகிறது என்று வார்டு கவுன்சிலரே சொல்லிவிடுவார். மனுவோடு ஒரு கைப்பட வரைந்த படம் வைத்தால் நல்லது: வாசல் எங்கே, நடைபாதை எங்கே, எந்த இடத்தில் எந்த மரம். தரைக்கு அடியில் குடிநீர்க் குழாயும் பாதாள சாக்கடைக் குழாயும் ஓடும் இடத்தை அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடப்பாரை போய் குழாயில் இறங்கினால் பிறகு அந்தத் தெருவில் உங்களுக்கு நல்ல பேர் கிடைக்காது.

3. மண்ணைப் பாருங்கள்

சேலத்தில் ஒரே மாதிரி மண் கிடையாது. பல இடங்களில் மேலே ஒரு அடி செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. மாமாங்கம், கருப்பூர் பக்கம் போனால் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடும் மேக்னசைட் பூமி. அங்கே மண்ணில் மெக்னீசியம் அதிகம், கால்சியமும் மற்ற சத்துகளும் குறைவு; எதை வைத்தாலும் சவலையாகத்தான் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் வெளியிலிருந்து நல்ல செம்மண் கொண்டுவந்து குழியை நிரப்பியே ஆக வேண்டும். கூடவே, அக்கம்பக்கத்துக் கரட்டில் யாரும் வைக்காமல் தானாக முளைத்து நிற்கும் மரம் எது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். அந்த மண்ணைப் பற்றி அதற்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

ஒரு சோதனை எல்லோரும் செய்யலாம். ஒரு அடி ஆழம் தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி, அது முழுக்க வடிந்தபின் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது தண்ணீர் மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அங்கே வடிகால் சரியில்லை. அந்த மூலையை நீர்மருதுக்கும் நாவலுக்கும் ஒதுக்குங்கள். மண் பரிசோதனை செய்ய விரும்பினால் சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

4. எந்த மரம்?

இங்கேதான் வாய்ச்சண்டை வரும், வரட்டும். காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இலை கொட்டாத மரமா பாத்து வைக்கக் கூடாதுங்களா? கூட்டி மாளலைங்க." இலை கொட்டாத மரம் ஏதுங்க ஐயா என்றேன். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் நடைபாதை ஓரத்துக்குப் புங்கன். மாசி வாக்கில் இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தளதளவென்று புது இலை விட்டுவிடும். நமக்கு நிழல் எப்போது வேண்டுமோ அப்போது நிழல் தயார். நாட்டு மரங்களில் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு புங்கனைத்தான் சொல்வேன்.

வேம்பு சொல்லாமலே எல்லோரும் வைப்பார்கள். மழைக்காலத்தில் வேம்பின் நுனிக் கிளைகள் கருகிப் பட்டுப்போனது போலத் தெரிவது இப்போது பல ஊர்களில் நடக்கிறது. பதறிப்போய் வெட்டிவிடாதீர்கள், பெரும்பாலும் கோடையில் மறுபடி துளிர்க்கும்.

வறண்ட மூலை, தண்ணீர் எட்டாத மூலை என்றால் உசிலையும் ஆச்சாவும். உசிலை என்றால் பலருக்குத் தெரியாது, அரப்பு மரம் என்றால் உடனே தெரியும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அரப்புப் பொடி அதன் இலைதான். அதைப் பூங்காவில் வைத்தால் பாட்டிமார்கள் வந்து உருவிக்கொண்டு போவார்கள். மரம் இரண்டு ஆள் உயரம் வளரும்வரை அவர்களிடம் நயமாகச் சொல்லி வையுங்கள். பூவுக்குச் சரக்கொன்றை, மந்தாரை, ஆத்தி. இந்த மூன்றும் பெரிதாக ஓங்காது என்பதால் ஈ.பி. லைனுக்குப் பக்கத்திலும் சமாளிக்கலாம். சரக்கொன்றை இலையைப் புழு அரிக்கிறது என்று யாராவது மருந்தடிக்கக் கிளம்பினால் தடுங்கள். அதில் பெரும்பாலும் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழுதான் இருக்கும். மரம் அதைத் தாங்கும்.

இலுப்பை மெதுவாக வளரும் மரம். நட்டவர் நிழலில் உட்கார முடியாது என்பார்கள். இருந்தாலும் ஒன்றாவது வையுங்கள். ஆல், அரசு, அத்தியில் ஏதாவது ஒன்று, சுவரிலிருந்தும் குழாயிலிருந்தும் குறைந்தது 40 அடி தள்ளி. இடம் இல்லாத சின்னப் பூங்காவில் ஆலமரம் வைப்பது பிற்காலத்தில் அதை வெட்டுவதற்கு இப்போதே நாள் குறிப்பது.

வேண்டாதவை: குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்து. இரண்டுமே காற்றுமழைக்குக் கிளை முறிகிற சாதி. ஏற்காட்டுக்குப் போய்விட்டு வந்து அங்கே காப்பித் தோட்டத்தில் நெடுநெடுவென்று நிற்கும் சில்வர் ஓக்கைக் காட்டி "இது வைக்கலாமே" என்பவர்களும் உண்டு. அது ஆஸ்திரேலியா மரம், காப்பிக்கு நிழலுக்காகவும் மிளகுக் கொடி ஏறுவதற்காகவும் வைத்தது. அதோடு ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காட்டில் வளரும் நாட்டு மரம்கூட எல்லாமே இங்கே வராது.

மாங்கன்று? சேலத்துக்காரர்களிடம் இதை வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வேண்டும். மல்கோவாவை வீட்டில் வையுங்கள். பொதுப் பூங்காவில் வைத்தால் பிஞ்சு விட்ட நாளிலிருந்து கல்லடிதான். பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கும் சேர்த்து.

5. குழி

வைகாசியிலேயே தோண்டிவிடுங்கள். 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். சரளை மண்ணாக இருந்தால் 3 அடி. பெரிய மரத்துக்கு 25 அடி இடைவெளி, சிறியதற்கு 12 முதல் 15 அடி. தோண்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை மறுபக்கம் போடுங்கள். சில வாரம் வெயில் காயட்டும். குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் குழியைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டுவது கட்டாயம்.

நிரப்பும் கலவை: மேல்மண் இரண்டு சட்டி, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு சட்டி, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. சாணம் பச்சையாக இருந்தால் சூடு கிளம்பி வேரைக் கருக்கும், கறையானையும் கூப்பிடும். கையில் எடுத்துப் பிசைந்தால் நாற்றமில்லாமல் உதிர வேண்டும், அதுதான் பக்குவம்.

6. கன்று வாங்குவது

வனத்துறை நாற்றங்காலில் முன்கூட்டிச் சொல்லி வைத்தால் நாட்டு மரக் கன்றுகள் கிடைக்கும். நாலைந்து அடி உயரம், பென்சிலைவிடத் தடித்த தண்டு, குச்சி இல்லாமல் தானே நிற்க வேண்டும். பையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். தடித்த வேர் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் அது நாற்றங்காலில் நெடுநாள் கிடந்த கன்று, எடுக்காதீர்கள். வாங்கி வந்தவற்றை ஒரு வாரம் பூங்காவிலேயே அரை நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

7. நடும் நாள்

ஆவணி, புரட்டாசி. நமக்கு அதிக மழை செப்டம்பர், அக்டோபரில்தான். அதற்கு முன்னால் வேர் பிடிக்கத் தொடங்கினால் போதும். காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு குழிக்கு மூன்று பேர். வி.ஐ.பி. யாராவது வருவதாக இருந்தால் அவருக்கென ஒரு குழியை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் வேலையைப் பார்ப்பது உத்தமம்.

வாளி நிறையத் தண்ணீர் வைத்து, கன்றைப் பையோடு அமுக்குங்கள். குமிழ் கிளம்பிக்கொண்டே இருக்கும். அது நிற்கும்வரை எடுக்க வேண்டாம். பிறகு பிளேடால் பையின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே கீறல். மண்கட்டி உடையாமல் உள்ளங்கையில் தாங்குங்கள். அடியில் வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை மட்டும் கத்தரியுங்கள். விட்டால் அது அப்படியே சுற்றிச் சுற்றித் தடித்து, பத்து வருடம் கழித்து மரத்தையே ஒரு காற்றில் சாய்க்கும்.

குழியில் பாதிக் கலவை போட்டு, ஊன்றுகோலை முதலில் அடித்து நிறுத்திவிட்டுக் கன்றை வையுங்கள். தண்டும் வேரும் சேரும் இடம் மண் மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும்; தண்டு புதைந்தால் அழுகும். மண் தள்ளி, குதிகாலால் இல்லாமல் பாதத்தால் மெல்ல மிதித்து இறுக்குங்கள். சுற்றி 3 அடி அகலத்துக்கு வட்டப் பாத்தி. சரிவான இடம் என்றால் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை போட்டாலே மழைத்தண்ணீர் நிற்கும். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, கோலுக்கும் கன்றுக்கும் நடுவில் எட்டுப் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு குடம் தண்ணீர். மேலே காய்ந்த சருகு நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு, தண்டை ஒட்டாமல்.

எல்லாம் முடிந்ததும் காலிப் பைகளை எண்ணுங்கள். கன்றுகளைவிடப் பை குறைந்தால் யாரோ பையோடு நட்டிருக்கிறார் என்று அர்த்தம். டீ, போண்டாவுக்கு முன்னால் இந்த எண்ணிக்கை முடியட்டும்.

8. கூண்டு

ஆடு வரும். கேட் பூட்டியிருந்தாலும் வரும். மூங்கில் கூண்டு நல்லது. காசு இல்லையென்றால் சீமைக்கருவேல் முள்ளை வெட்டிச் சுற்றிக் கட்டுங்கள், அந்த மரத்தால் அப்படியாவது ஒரு உபகாரம். பச்சை வலை ஒரு கோடைக்கு மேல் தாங்காது. கூண்டைக் கட்டிய கம்பி தண்டில் படக் கூடாது.

9. அடுத்த இரண்டு வருடம்

மழை இல்லாத நாட்களில் முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். மழை பிடித்துக்கொண்டால் விட்டுவிடலாம். தை பிறந்ததும் முறை போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு தெருவுக்கு இத்தனை கன்று, அந்தத் தெருவில் இன்ன கிழமை இன்னார். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்பது யாரும் பார்க்காததற்கு இன்னொரு பெயர். தினம் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட வாரம் இரண்டு முறை ஒரு குடம் நல்லது. தண்ணீர் ஆழமாக இறங்கினால்தான் வேரும் பின்னாலேயே இறங்கும். இரண்டாவது கோடையில் வாரம் ஒரு முறை போதும்.

பாத்திக்குள் முளைக்கும் புல்லைக் கையால் பிடுங்குங்கள். ரசாயன உரம் எதுவும் தேவையில்லை. முதல் வருடம் கிளை கழிக்க வேண்டாம், அந்த இலைதான் தண்டைத் தடிக்க வைக்கிறது. ஒரு வருடத்தில் ஊன்றுகோலை அசைத்துப் பாருங்கள். அதில்லாமலே கன்று நிமிர்ந்து நின்றால் எடுத்துவிடலாம்.

வைகாசியில் சில கன்றுகள் மொட்டைக் குச்சியாக நிற்கும். உடனே பிடுங்கிவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே காய்ந்திருந்தால் இன்னும் கீழே கீறுங்கள். பச்சை தெரியும் இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டிவிட்டு, தண்ணீரை நிறுத்தாமல் ஆவணி வரை விடுங்கள். புங்கனும் வேம்பும் அடியிலிருந்து துளிர்த்து வரும். அப்போதும் வரவில்லை என்றால் அந்தக் குழியை மறுபடி தோண்டி, கலவையை மாற்றி, வேறு சாதிக் கன்றாக வையுங்கள்.